பெஞ்சில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? ஆர்.பி.ஜி. கேம்களில் நிலையான அணியும் மாறும் அணியும்

ஃபைனல் ஃபேன்டஸி 7இல் (1997) நாயகன் கிளவுடோடு சேர்த்து ஒன்பது பேர் உங்கள் பக்கம் வரலாம். சண்டைக்குப் போவது மூன்று பேர்தான். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மிச்சம் ஆறு பேரைப் பற்றி, முதல் தடவை ஆர்.பி.ஜி. (கதைக்குள் பாத்திரங்களாகப் போய் அவர்களை வளர்க்கும் ரோல்-பிளேயிங் கேம்) விளையாடுபவர்கள் பெரிதாக யோசிப்பதில்லை. பிடித்த முகங்களைத் தெரிவுசெய்துகொண்டு இருபது, முப்பது மணித்தியாலம் ஓட்டிவிடுவார்கள். பிறகு கதை ஓரிடத்தில் திரும்பும்; இதுவரை தொட்டே பார்க்காத ஒருவரை வைத்துச் சண்டை பிடிக்கச் சொல்லும். அங்கே மாட்டிக்கொண்டால் ஆள் பலவீனம் என்று திட்டுவதில் பயனில்லை. அந்த கேம் பெஞ்சில் இருப்பவருக்கு என்ன கொடுக்கிறது என்று ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

சண்டைக்குப் போகும் குழுவைத்தான் பார்ட்டி என்பார்கள். இங்கே அணி என்றே எழுதுவோம். யார் யார் அணியில் என்பதைக் கேமே முடிவுசெய்து, உங்களுக்கு அதில் கையே இல்லையென்றால் அது நிலையான அணி. சேர்ந்திருக்கும் கூட்டத்திலிருந்து நீங்களே ஆளை எடுத்து, வேண்டாதபோது இறக்கிவைக்கலாம் என்றால் அது மாறும் அணி. இரண்டுக்கும் நடுவில் பல கேம்கள் இருக்கின்றன, சுவாரசியமும் பெரும்பாலும் அங்கேதான்.

நிலையான அணிக்கு நல்ல பழைய உதாரணம் டிராகன் குவெஸ்ட் 2 (1987). மூன்றே பேர். ஒருவன் வாள் பிடிப்பான், மந்திரம் ஒன்றும் தெரியாது. இன்னொருவனுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வரும். மூன்றாவது இளவரசி, மந்திரத்தில் கெட்டிக்காரி, அடி தாங்கமாட்டாள். கேமைச் செய்தவர்களுக்கு நீங்கள் யாரோடு வருவீர்கள் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே எந்த இடத்தில் எந்த எதிரி, எந்தக் கடையில் எந்த வாள் என்பதெல்லாம் அந்த மூவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும்.

ஃபைனல் ஃபேன்டஸி 4 (1991) பார்வைக்கு மாறும் அணி. ஐந்து இடங்கள், ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் முதலில் வெளிவந்த பதிப்பில் யார் வரவேண்டும், யார் போகவேண்டும் என்பதைக் கதைதான் முடிவுசெய்யும். நீங்கள் விரும்பி ஒருவரையும் மாற்ற முடியாது. ஆகவே விளையாடுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நிலையான அணிதான். இப்படிப்பட்ட கேம்களில் ஒரு பழக்கம் உதவும். ஒருவர் பிரியப்போகிறார் என்று கதை காட்டிக்கொடுத்தவுடன் அவரிடமிருக்கும் நல்ல மோதிரம், கேடயம் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். போகிறவர் போட்டிருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும் கேம்கள் உண்டு.

ஆட்களை மாற்றாமல் ஆட்களுக்குள்ளே இருக்கும் வேலையை மாற்றுவது வேறொரு வகை. ஃபைனல் ஃபேன்டஸி 5இல் (1992) நாலு பேரும் கதை தருபவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் இருபதுக்கு மேற்பட்ட தொழில்களில் எதையும் கொடுக்கலாம். ஒரு தொழிலில் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். டிராகன் குவெஸ்ட் 3 (1988) இன்னும் கறார். நாயகனோடு போகும் மூன்று பேரையும் மதுக்கடையில் நீங்களே உருவாக்கிச் சேர்க்கலாம். தொழில் மாற்ற லெவல் 20 வரவேண்டும். மாற்றினால் லெவல் 1க்குத் திரும்பும், பலம் பாதியாகும், படித்த மந்திரம் மட்டும் நிற்கும். நாயகனுக்குத் தொழில் மாற்றமே கிடையாது. புதியவர்கள் செய்யும் பிழை, அடுத்த பொஸ், அதாவது பெரிய எதிரி, காத்திருக்கும்போது மூவரின் தொழிலையும் ஒரே நாளில் மாற்றுவது. திடீரென்று அணியில் மூன்று லெவல் 1 ஆட்கள். ஒருவரை மாற்றி, அவர் தேறிய பிறகு அடுத்தவரை மாற்றுங்கள்.

முதலாவது ஃபைனல் ஃபேன்டஸி (1987) தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கதவைப் பூட்டிவிடும். ஆறு தொழில்களிலிருந்து நாலு பேர். ஒரே தொழிலை இரண்டு தடவையும் எடுக்கலாம். மொத்தம் 126 விதமான அணிகள் வரும். பின்னால் அவர்களின் தொழில் ஒரு படி உயருமே தவிர, ஆளை மாற்ற வழியில்லை. நாலு வெள்ளை மந்திரவாதிகளோடு போய் முடித்தவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் பொறுமை. முதல் தடவைக்கு ஒரு போர்வீரன், ஒரு கைச்சண்டைக்காரன், ஒரு வெள்ளை மந்திரவாதி, ஒரு கறுப்பு மந்திரவாதி எடுத்தால் கேம் முழுவதும் தாக்குப்பிடிக்கும்.

மாறும் அணியில் இந்த எண்ணிக்கை சும்மா ஏறும். ஃபைனல் ஃபேன்டஸி 6இல் (1994) 14 பேர், நாலு இடம். கணக்குப் பார்த்தால் 1001 விதமான அணிகள். ஒரு பொஸ்ஸை 1001 அணிகளுக்கும் சரியாக வரும்படி யாராலும் செய்ய முடியாது. ஆகவே கேம் செய்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். எதிரிகளைக் கொஞ்சம் இலகுவாக்குவார்கள், அல்லது ஆட்களை ஒருவர்போல ஒருவர் ஆக்கிவிடுவார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 7 செய்தது இரண்டாவதை. மந்திரம் எல்லாம் மெட்டீரியா என்ற கற்களில் இருக்கும்; கல்லை யாருடைய ஆயுதத்தில் போட்டாலும் அவருக்கு அந்த மந்திரம் வரும். அதனால் அங்கே ஆளை மாற்றுவது மலிவு. கல்லைக் கழற்றி மற்றவருக்குப் போட்டால் பெரும்பகுதி முடிந்தது.

ஃபைனல் ஃபேன்டஸி 9 (2000) நேரெதிர். விவி கறுப்பு மந்திரம் மட்டும், ஸ்டைனர் வாள் மட்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில். அதில் கதை ஓரிடத்தில் எட்டுப் பேரையும் நாலு நாலாகப் பிரிக்கும். முதல் நாலு பேர் போகும் இடத்தில் மந்திரமே வேலைசெய்யாது. அங்கே அடிதடிக்காரர்களை அனுப்ப வேண்டும். தங்கிவிட்ட நாலு பேருக்கும் வேலையில்லை என்று நினைத்தால் அதுதான் பொறி. அடுத்து அவர்களை வைத்தே ஒரு மாளிகைக்குள் சண்டை பிடிக்கவேண்டி வரும். பெஞ்சில் இருப்பவருக்கு இந்த கேம் எக்ஸ்பீரியன்ஸ், அதாவது சண்டையில் சேர்ந்து லெவலை ஏற்றும் புள்ளிகள், கொடுப்பதில்லை. அதுவரை ஒரே நாலு பேரோடு சுற்றியவர்களுக்கு அந்த மாளிகை கேமின் மிகக் கஷ்டமான பகுதியாகிவிடும், மற்றவர்களுக்கு அது சாதாரண இடம்.

ஆகவே மாறும் அணி என்று தெரிந்தவுடன் முதலில் பார்க்கவேண்டியது இந்த எக்ஸ்பீரியன்ஸ் கணக்கு. மற்றதெல்லாம் பிறகு.

பரிசோதிப்பது சுலபம். பெஞ்சில் இருக்கும் ஒருவரின் பக்கத்தைத் திறந்து அடுத்த லெவலுக்கு எவ்வளவு வேண்டும் என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரைச் சேர்க்காமல் ஒரு சண்டை பிடியுங்கள். திரும்பவும் பாருங்கள். எண் அசையவில்லை என்றால் அவருக்கு ஒன்றும் போகவில்லை. முழுதாகக் குறைந்தால் எல்லோருக்கும் சமம். இடையில் நின்றால் ஒரு பங்குதான் போகிறது.

பங்கு சிறியதாகத் தெரியும், சேரும்போதுதான் விளங்கும். ஒரு சண்டைக்கு 100 எக்ஸ்பீரியன்ஸ் என்று 200 சண்டை பிடித்ததாக வைத்துக்கொண்டால், உள்ளே நின்றவரிடம் 20,000 இருக்கும். க்ரோனோ ட்ரிகரில் (1995) பெஞ்சுக்கு 75 வீதம் போகும். அங்கே நிற்பவரிடம் 15,000. ஃபைனல் ஃபேன்டஸி 7 பாதி கொடுக்கும், 10,000. ஒன்றும் கொடுக்காத கேமில் பூச்சியம். அவர் சேர்ந்த நாளில் இருந்த லெவலிலேயே நிற்பார். 75 வீதம் என்றால் ஓரிரு லெவல்தான் வித்தியாசம், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். பூச்சியம் என்றால் அவரைத் திடீரென்று பொஸ் முன்னால் நிறுத்த முடியாது.

க்ரோனோ ட்ரிகரிலும் ஒரு பிடி இருக்கிறது. எக்ஸ்பீரியன்ஸ் பெஞ்சுக்குப் போனாலும், விசேஷ அடிகளைக் கற்கத் தேவையான டெக் புள்ளிகள் போவதில்லை. இருவர் சேர்ந்தும் மூவர் சேர்ந்தும் செய்யும் அடிகள்தான் அந்த கேமின் உயிர். அதில் சேரும் ஒவ்வொருவரும் தன் பங்குக்கான அடியைக் கற்றிருந்தால்தான் அது திறக்கும். லெவலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி 12 (2006) இதைத் தலைகீழாகச் செய்கிறது: பெஞ்சுக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்லை, ஆயுதம், மந்திரம் பயன்படுத்த உரிமை வாங்கும் லைசென்ஸ் புள்ளிகள் உண்டு.

முழுதாகக் கொடுக்கும் கேம்கள் இப்போது அதிகம். டிராகன் குவெஸ்ட் 11 (2017) அப்படி. பல்டர்ஸ் கேட் 3இல் (2023) நாலு பேர் போனாலும் முகாமில் இருப்பவர்களும் கூடவே லெவல் ஏறுவார்கள், உச்சம் 12. முகாமுக்கு வந்துசேரும் விதர்ஸிடம் 100 பொன் கொடுத்தால் ஒருவரின் தொழிலையே அழித்துத் திரும்ப எழுதலாம். இதைவிடத் தாராளம் கேட்க முடியாது. ஆனால் உங்கள் தீர்மானம் பிடிக்காமல் ஓர் ஆள் மொத்தமாகவே விட்டுப் போகும் கேமும் அதுதான். லெவல் காப்பாற்றப்படும், நட்பை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

சுயிகோடென் (1995) இதை வேறு வழியில் தீர்த்தது. 108 பேரைத் தேடிச் சேர்க்கும் கேம் அது. அத்தனை பேரையும் ஒவ்வொருவராக வளர்க்க ஆயுள் போதாது. அங்கே எதிரியைவிட லெவல் குறைந்தவருக்கு எக்ஸ்பீரியன்ஸ் மிக அதிகமாகக் கிடைக்கும். பின்தங்கியவரைச் சில சண்டைகளுக்குள் மற்றவர்களின் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். அதனால் கவனம் வேறிடத்தில் இருக்க வேண்டும்: ஆறு இடங்கள், முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் மூன்று. ஒவ்வொருவருக்கும் குறுகிய, நடுத்தர, நீண்ட வீச்சு என்று ஒன்று இருக்கும். குறுகிய வீச்சுக்காரரைப் பின்வரிசையில் வைத்தால் அவரால் அடிக்கவே முடியாது. பிடித்த வாள்வீரர்கள் நாலு பேரை எடுத்தால் அதில் ஒருவர் சும்மா நிற்பார்.

ஃபைனல் ஃபேன்டஸி 10 (2001) மாறும் அணியைச் சண்டைக்குள்ளேயே கொண்டுவந்தது. ஏழு பேர், ஒரே நேரத்தில் மூன்று. ஒருவரின் முறை வந்ததும் எல்1 பொத்தானை அழுத்தி வெளியே நிற்பவரை உள்ளே எடுக்கலாம். வந்தவர் அந்த முறையிலேயே அடிப்பார். பறக்கும் எதிரிக்கு வக்காவின் பந்து, கவசம் போன்ற தோலுக்கு ஆரோனின் வாள், சாதாரண அடி இறங்காத கூழ் உடம்புக்கு லூலுவின் மந்திரம் என்று எதிரியே யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும். ஒரு சண்டையில் ஒரு தடவையாவது செயல்பட்டவருக்கு முழுப் பங்கும் கிடைக்கும். பலவீனமான எதிரி வரும்போது ஏழு பேரையும் ஒவ்வொரு முறை உள்ளே கொண்டுவந்து எடுத்தால் யாரும் பின்தங்கமாட்டார்கள். நேரம் கூடுதலாகும்தான், ஆனால் மாறும் அணி எதற்கு என்பதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ஆசிரியர் குறைவு.

போக்கிமொனை அறியாதவர்கள் இருக்கமாட்டார்கள். ஆறு பேர் கையில், மற்றவர்கள் பெட்டியில். பழைய பதிப்புகளில் பெரும்பாலும் சண்டைக்கு இறங்கியவர்களுக்குள்தான் எக்ஸ்பீரியன்ஸ் பங்கிடப்படும். 2013இல் எக்ஸ், வை பதிப்புகளில் அதைக் கையிலுள்ள ஆறு பேருக்கும் பரப்பும் கருவி வந்தது; 2019இன் சுவோர்ட், ஷீல்டில் அதை அணைக்கவே முடியாது. பழைய ஆட்கள் இதற்குச் சண்டை பிடித்தார்கள். புதியவருக்கு இது நல்லதுதான்.

அடுத்தது பூட்டுகள், அதாவது அணியை உங்கள் இஷ்டப்படி மாற்ற விடாத விதிகள். நாயகன் பூட்டு பல கேம்களில் இருக்கும்: கிளவுட் கிட்டத்தட்ட முழுக் கதையிலும் அணியில் நிற்பான். ஒன்பதில் மூன்று என்று தோன்றினாலும் உங்கள் உண்மையான தெரிவு எட்டில் இரண்டு, 28 விதம். பெர்சோனா 3, 4, 5இல் நாயகனை இறக்க முடியாததோடு, அவன் விழுந்தால் மற்றவர்கள் உயிரோடு இருந்தாலும் கேம் ஓவர். அங்கே மூவரைத் தெரிவுசெய்யும்போது நாயகனின் பலவீனத்தை யார் மூடுவார்கள் என்றே பார்க்க வேண்டும். ஒக்டோபாத் ட்ரவலரில் (2018) எட்டுப் பேரில் முதலில் யாரைத் தொட்டீர்களோ அவரை அவருடைய கதை முடியும்வரை இறக்க முடியாது. மற்றவர்களை மாற்றுவது மதுக்கடையில்தான், பெஞ்சுக்கு எக்ஸ்பீரியன்ஸும் இல்லை. ஆகவே ஊரைவிட்டுக் கிளம்புமுன்னே அணியைத் தீர்மானித்துவிடுங்கள். குகைக்குள் போய்க் கவலைப்பட்டுப் பயனில்லை.

கடைசிக்கட்டப் பூட்டுக்குப் பெயர்போனது ஃபைனல் ஃபேன்டஸி 6. இறுதிக் கோட்டைக்கு மூன்று அணிகளாகப் பிரிந்துதான் போகவேண்டும். முழு பலத்தோடு என்றால் 12 பேர். புதிதாகச் சேருபவரின் லெவலை மற்றவர்களின் சராசரியைப் பார்த்து கேமே உயர்த்திவிடும், ஆனால் அதற்குப் பிறகு பெஞ்சில் இருந்தால் ஒன்றும் ஏறாது. நாலு பேரை மட்டும் ராஜாக்களாக வளர்த்தவர்கள் அந்த வாசலிலிருந்து திரும்பி வருவார்கள்.

நிரந்தர இழப்பும் உண்டு. டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2இல் (2017) முதல் கட்டம் முடியும்போது அணியில் இல்லாத தோழர்கள் கதையிலிருந்தே போய்விடுவார்கள், அதிலிருந்து அணி நிலையானது. 1990இல் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம் தொடரில், வழமையான முறையில் விளையாடினால் சண்டையில் விழுந்தவர் திரும்ப வரமாட்டார். அங்கே பெஞ்ச் ஒரு காப்புறுதி: உங்கள் ஒரே வைத்தியர் இறந்தால் அவர் இடத்தில் நிற்க இன்னொருவர் ஓரளவாவது தேறியிருக்க வேண்டும். இந்த எண்ணம் மிகப் பழையது. விசார்ட்ரியில் (1981) ஆறு பேரும் பாதாளத்தில் இறந்தால் உடல்கள் அங்கேயே கிடக்கும்; புதிய அணி ஒன்றைச் சேர்த்து இறங்கித்தான் அவர்களை மீட்க வேண்டும்.

சரி, எப்படித் தெரிவுசெய்வது? நாலு இடம் இருந்தால் அடி தாங்க ஒருவர், குணமாக்க ஒருவர், ஒரே எதிரியைப் பலமாக அடிக்க ஒருவர். நாலாவது இடம்தான் மாறும் இடம்: அந்தப் பகுதியின் எதிரிகளுக்கு எது சுடுமோ, நெருப்போ மின்னலோ, அதைக் கொண்டுவருபவர். மூன்றே இடம் என்றால் அடி தாங்குபவரை விட்டுவிட்டு, அடிக்கவும் கொஞ்சம் குணமாக்கவும் தெரிந்த ஒருவரை நடுவில் வையுங்கள். எத்தனை இடமானாலும், விழுந்தவரை எழுப்பத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வேண்டும். முக்கால்வாசித் தோல்வி அங்கேதான்: குணமாக்குபவர் முதலில் விழுவார், எழுப்ப ஆளிருக்காது. இரண்டாவது ஆள் கிடைக்காவிட்டால் எழுப்பும் மருந்தை ஐந்தாறாவது பையில் வைத்திருங்கள்.

எல்லோரையும் சமமாக வளர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பெஞ்சுக்குப் பூச்சியம் கொடுக்கும் கேமில் எட்டுப் பேரை வளர்ப்பதென்றால், நாலு பேருக்குத் தேவைப்படும் சண்டையைப்போல இரண்டு மடங்கு. அதோடு ஆயுதக் காசும் இரண்டு மடங்கு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் அணி ஒன்று, அதற்கு மேல் இரண்டு பேர்; பெரும்பாலான கேம்களுக்கு அது போதும். அந்த இருவருக்கும் புது ஆயுதம் வாங்காதீர்கள். முதல் அணி கழற்றியதைப் போடுங்கள்.

இங்கே பெயர் சொன்ன பழைய கேம்களில் ஃபைனல் ஃபேன்டஸி 7, 9, க்ரோனோ ட்ரிகர் எல்லாம் இப்போது ஃபோனிலேயே கிடைக்கின்றன. வெள்ளவத்தையில் 100 பஸ்ஸில் ஏறிக் கோட்டைக்குப் போவதற்குள் நாலைந்து சண்டை பிடிக்கலாம். அப்படித் துண்டு துண்டாக விளையாடுபவர்களுக்கு நிலையான அணி கேம்தான் வசதி. உயர்தரப் பரீட்சைக்காக மூன்று மாதம் மூடிவைத்துவிட்டுத் திறந்தால் நாலு பேருக்கு என்ன தெரியும் என்பது ஒரு சண்டையில் நினைவுக்கு வந்துவிடும். 14 பேரை அப்படி நினைவுபடுத்த முடியாது. யாரிடம் எந்த மோதிரம் என்று தேடுவதிலேயே பம்பலப்பிட்டி தாண்டிவிடும்.

கென்ஷின் இம்பாக்ட் (2020) போன்ற இலவச ஃபோன் கேம்களில் இந்தக் கணக்கே வேறு. அணியில் நாலு பேர், நினைத்தபோது மாற்றலாம், பூட்டு மிகக் குறைவு. ஆனால் ஆட்கள் வளர்வது பெரும்பாலும் சண்டையால் அல்ல, நீங்கள் கொடுக்கும் பொருட்களால். அந்தப் பொருட்களை எடுக்க ரெசின் என்ற சக்தி வேண்டும். அது 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறும், ஒரு நாளைக்கு 180. திறமைப் புத்தகம் எடுக்கும் இடத்துக்கு ஒரு தடவைக்கு 20 போகும், ஆக நாளுக்கு ஒன்பது தடவைதான். அந்த ஒன்பதை இருபது பேருக்குப் பிரித்தால் ஒருவரும் தேறமாட்டார்கள். சுருள் பாதாளம் என்ற சவால் பகுதியின் ஐந்தாம் தளத்திலிருந்து இரண்டு அணிகள் கேட்பார்கள், எட்டுப் பேர். அந்த எட்டை முடிவுசெய்து, அவர்கள் நிமிரும்வரை புதிதாக வருபவரைப் பெட்டியிலேயே வையுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் க்ரோனோ ட்ரிகர். ஏழு பேர்தான், பெஞ்சுக்கு 75 வீதம் போகிறது, கதை கொஞ்சம் நகர்ந்த பிறகு மெனுவிலிருந்தே ஆளை மாற்றலாம். பிழையான ஆளை எடுத்தாலும் பெரிய தண்டனை இல்லை. அதன் பிறகு ஃபைனல் ஃபேன்டஸி 9. அதில் எட்டுப் பேரும் கையில் வந்ததும் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள், அதன்மேல் வேறு சேவ் எழுதவேண்டாம்.